18,000 ரூபாய் கேட்ட ஹார்ட் டிஸ்க்

இந்தத் தடவை ஊருக்குக் கிளம்பும்போது நியூ ஜெர்சியிலிருந்து பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றையும் பெட்டியில் வைத்தேன். பிள்ளைகளின் பத்து வருஷப் படங்கள் அதில்தான். வேறு நகல் இல்லையா என்று கேட்காதீர்கள். வீட்டில் ஏற்கெனவே கேட்டாகிவிட்டது.

குரோம்பேட்டை வீட்டில் செருகியதும் சுற்றத் தொடங்கியது. 'டிக்'. நின்றது. மறுபடி சுற்றல், மறுபடி 'டிக்'. இங்கே 230 வோல்ட் ஆச்சே, அமெரிக்க அடாப்டர் கருகிவிட்டதோ என்று திருப்பிப் பார்த்தால், 100-240 வோல்ட் என்று அதன் முதுகிலேயே போட்டிருந்தது.

பக்கத்துத் தெருக் கடைப் பையன் காதில் வைத்துக் கேட்டான். "டிஸ்க்கைப் படிக்கிற ஹெட் போயிருச்சு சார். டேட்டா எடுக்க 18,000 ஆகும்." அடாப்டரைத் தொடக்கூட இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வாங்கி வந்துவிட்டேன்.

மறுநாள் மெட்ரோவில் அரசினர் தோட்டத்தில் இறங்கி எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். மாடிப்படிக்கு அடியில் அடங்கிவிடும் ஒரு கடை. உள்ளே இருந்த பெரியவர் முதலில் கேட்டதே, "அடாப்டர் கொண்டாந்தீங்களா?"

வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை அடாப்டரில் வைத்தார். 12.1. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அடாப்டர் நன்றாக இருந்தால் டிஸ்க்தானே போயிருக்கிறது!

"சும்மா இருக்கும்போது எல்லாரும் நல்லவங்கதான் சார். வேலை குடுத்துப் பாப்போம்."

டிஸ்க்கின் மேல்கூட்டைக் கழற்றி, அடாப்டரை இணைத்தபடியே போர்டில் மீட்டர் முனைகளை வைத்தார். மோட்டார் கிளம்பியது, 12.1 சரசரவென்று 9க்கு இறங்கியது. 'டிக்'. மோட்டார் நின்றதும் பழையபடி 12. இந்த மாதிரிப் பெரிய டிஸ்க், தட்டைச் சுற்றக் கிளப்பும் சில விநாடிகளில் இரண்டு ஆம்பியர் வரைகூட இழுக்குமாம். உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டர் காய்ந்துபோன அடாப்டர் அங்கேதான் மூச்சு வாங்குகிறது. கடையிலிருந்த 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டரை எடுத்து, உள்முனை பாசிட்டிவ்தானா என்று பார்த்துவிட்டுச் செருகினார். ஒரே சீரான சத்தம். லேப்டாப்பில் ஃபோல்டர்கள் வரிசையாக வந்தன.

முந்தின ராத்திரி லேப்டாப் சார்ஜரைச் செருகிப் பார்க்க இருந்ததைச் சொன்னேன். முனை கச்சிதமாகப் பொருந்தியதே! அப்படியே திட்டினார். அது 19 வோல்ட். செத்துப்போன போர்டு ஒன்றை எடுத்து, மிளகளவு கறுப்புப் பாகத்தைக் காட்டினார். டிவிஎஸ் டயோடு. அளவுக்கு மீறி வோல்ட் வந்தால் தான் ஷார்ட் ஆகி மற்றதைக் காப்பாற்றுமாம், அதுவும் எல்லா நேரமும் இல்லையாம்.

அடாப்டருக்கு 350 ரூபாய். பார்த்ததற்குக் காசு வேண்டாம் என்றார். பில்லும் இல்லை, வாரண்டியும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். என்னிடம் ஜிபே கிடையாது. 500 ரூபாய்த் தாளோடு அவரே டீக்கடைக்கு நடந்து சில்லறை மாற்றி வந்தார்.

சாயங்காலமே யூஎஸ்பியிலேயே ஓடும் சின்ன டிஸ்க் ஒன்று வாங்கி நகல் எடுக்க உட்கார்ந்தேன். பாதியில் கரண்ட் போனது. அம்மாவின் கிரைண்டரும் நின்றது.