சுங்கை சிப்புட்ல முரானோ கண்ணாடியா? பழைய சாமான் கடைக்கு என்னோட ரிவியூ

மொதல்லயே சொல்லிடறேன், இந்தக் கடைக்கு போர்டு கெடையாது, மேப்ல தேடினாலும் வராது. மலேசியாவுல பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் டவுன்ல பழைய கடை வரிசையில மோட்டார் வொர்க்‌ஷாப்புக்கும் பூட்டிக் கெடக்கற தையக்கடைக்கும் நடுவுல, கடை முன்னால அஞ்சடி வழி நடைபாதையில நாலு பழைய ஃபேனும் கால் ஒடைஞ்ச மேசையும் கெடந்தா அதான் கடை. நடத்தறது ஒரு ஆன்டி, அறுபது தாண்டியாச்சு, முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்துல பால் வெட்டினவங்க. அவங்க தம்பி லோரி வெச்சிருக்காரு, தோட்டம் தோட்டமா போயி லயன் வீடு காலி பண்றவங்க, பங்களா ஒடைக்கறவங்ககிட்ட சாமான் அள்ளிட்டு வருவாரு, இரும்பு எடைக்குப் போயிடும், மிச்சமெல்லாம் இங்க வந்து உக்காந்துக்கும்.

நான் ஈப்போலேர்ந்து மாசம் ஒரு வாட்டி போறேன். எதுக்குன்னா கண்ணாடிக்கு. சிரிக்காதீங்க, ஏற்கனவே வீட்டுல சிரிச்சு முடிச்சிட்டாங்க. 1920, 30கள்ல இத்தாலியில ஊதின கண்ணாடி சிற்பங்க மேல எனக்கு ஒரு கிறுக்கு. வெனிஸுக்குப் பக்கத்துல முரானோன்னு ஒரு தீவு, 1291-ல வெனிஸ் அரசாங்கம் ஊரே பத்திக்கும்னு பயந்து கண்ணாடி உலையெல்லாம் அங்க தள்ளி விட்டுச்சு, அன்னிலேர்ந்து அங்கதான் ஊதிக்கிட்டு இருக்காங்க. எங்கிட்ட மொத்தம் 11 உருப்படி, அதுல ரெண்டாம் உலகப் போருக்கு முந்தினதுன்னு நெஞ்சுல கை வெச்சு சொல்லக்கூடியது ஒன்னே ஒன்னு, அதுக்கு ஒரு வருஷ போனஸ் முழுசா போச்சு. மத்ததெல்லாம் பின்னால வந்தது, டூரிஸ்டுக்கு வித்தது, ரெண்டு ஏமாந்து வாங்கினது.

தோட்டத்து ஊருல போயி இத்தாலிக் கண்ணாடி தேடுறியேன்னு கேக்கறவங்களுக்கு ஒரு பதில் வெச்சிருக்கேன். 1930கள்ல லாய்ட் ட்ரியெஸ்டினோன்னு இத்தாலிக் கப்பல் கம்பெனி அங்கேர்ந்து பம்பாய், சிங்கப்பூர் வழியா ஷாங்காய் வரைக்கும் கப்பல் ஓட்டிச்சு. லீவுக்குப் போற தொரைங்க அதுல ஏறியிருந்தா வர்ற வழியில ஒரு ஜாடி வாங்கியிருக்க மாட்டாங்களா? அப்பறம் 1981-ல இங்க தோட்டங்கள வெச்சிருந்த குத்ரிங்கற வெள்ளக்கார கம்பெனியோட ஷேர லண்டன் மார்க்கெட்லயே போயி வாங்கி மலேசியா கைக்கு கொண்டு வந்தாங்க, அதுக்கு முன்னாடியே தொரைங்க ஒவ்வொருத்தரா கெளம்பிட்டாங்க, தூக்க முடியாதத குக்குக்கும் ஆயாவுக்கும் குடுத்துட்டுப் போனாங்க. சான்ஸ் கம்மிதான், ஆனா சைபர் இல்ல. அந்தக் கொஞ்சூண்டுக்குத்தான் நான் பெட்ரோல் போடறேன்.

இப்ப கடை கதைக்கு வரேன். கொஞ்ச மாசம் முன்னாடி ஆன்டியோட மவன் வாட்சப்ல ஒரு படம் போட்டான், "அண்ணே, பச்ச கத்தாழ ஒன்னு வந்திருக்கு, உள்ளாற பூரா நொர." அத பாத்ததும் எனக்கு சோறு எறங்கல. ஏன்னா நெப்போலியோனே மார்டினுஸ்ஸின்னு ஒரு சிற்பி, முரானோக்காரரு, 1925-லேர்ந்து 1932 வரைக்கும் வெனினிங்கற முரானோ கண்ணாடிக் கம்பெனிக்கு கலை டைரக்டரா இருந்தவரு, அவரு கண்ணாடியிலயே கள்ளிச்செடி செஞ்சாரு. அதுக்கு அவரு எடுத்தது புலெகோஸோன்னு ஒரு கண்ணாடி, 1928 வாக்குல வந்தது. புலெகான்னா அவங்க ஊர் பேச்சுல கொப்புளம். உருகின கண்ணாடியில சோடா மாதிரி ஏதாவது போட்டு பொங்க விட்டுருவாங்க, உள்ள பூரா பொடி கொப்புளம் ஏறி கண்ணாடி கண்ணாடியாவே தெரியாது, பழைய கல்லு மாதிரி ஆயிடும். புரியலன்னா பாசார் மாலாம்ல, அதான் ராத்திரி சந்தையில, அப்பாம் பாலிக்னு விக்கற மடிச்ச அப்பத்த வாங்கி நடுவுல பிட்டுப் பாருங்க. அந்த ஓட்டையும் சோடா வேலைதான், ஒன்னு சின்னது ஒன்னு பெருசு, ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிட்டு, ஒழுங்கே இருக்காது. அத மனசுல வெச்சுக்கங்க.

ஞாயித்துக்கெழம காலைல எட்டு மணிக்கே போயிட்டேன், கடை தெறக்கல, எதுத்தாப்ல ஒட்டுக்கடையில ரெண்டு தே ஓ (பால் இல்லாத டீ) குடிச்சு காத்திருந்தேன். ஆன்டி வந்து தெறந்து, சாமி கும்புட்டு, பூனைக்கு சோறு வெச்சு, எல்லாம் முடிஞ்சப்பறம் அந்தக் கத்தாழைய பேப்பர்லேர்ந்து பிரிச்சாங்க. ஒரு சாண் ஒசரம். பச்சைதான். கொப்புளம் இருக்கு. நான் ஃபோன் லைட்ட அடிக்கறேன், கை நடுங்குது, ஆனா கண்ணுக்கு ஏதோ ஒறுத்துது. கொப்புளமெல்லாம் ஒரே சைஸ், ஒரே தூரம், ஸ்கூல் பசங்க வரிசையில நிக்கற மாதிரி. அப்பாம் பாலிக் இல்ல.

ஆன்டி என் மொகத்த பாத்துட்டு, அந்த உருப்படிய வாங்கி, அதப் பாக்கக்கூட இல்ல, வொர்க்‌ஷாப் பையன்கிட்ட பேசிக்கிட்டே கட்டவெரல் நகத்தால மேலேர்ந்து கீழ ஒரு இழுப்பு இழுத்தாங்க. அப்பறம் மறு பக்கம் ஒரு இழுப்பு.

"அச்சு தம்பி. ரெண்டு பக்கமும் தட்டுது பாரு. எங்க கண்ணாடி மங்கு மாதிரி."

மங்குன்னா ரப்பர் பால் புடிக்கற கிண்ணம். நானும் நகத்த வெச்சுப் பாத்தேன், மயிரிழை மாதிரி ஒரு மேடு, உச்சியிலேர்ந்து அடி வரைக்கும் நேர் கோடு. ரெண்டு பாதி அச்சு சேர்ற எடம். குழாயில ஊதி கையால உருட்டி இழுத்த உருப்படியில அது இருக்காது, அதுக்குப் பதிலா அடியில இரும்புக் கம்பி ஒட்டி ஒடச்செடுத்த தழும்பு இருக்கும், இல்லன்னா அதத் தேச்சு வழவழன்னு ஆக்கின ஒரு வட்டக் குழி இருக்கும். இதுல அதுவும் இல்ல. பத்து வருஷமா நான் புத்தகம் பாத்துக் கத்துக்கிட்டத அந்தம்மா நகத்துல வெச்சிருந்தாங்க.

அன்னிக்கு இன்னொன்னும் காட்டினாங்க, இதுக்காகவே கடைக்கு ஒரு ஸ்டார் கூட போடலாம். கடை மூலையில ஒரு வாளி நெறைய பழைய கண்ணாடி மங்கு. அதுல ஒன்ன எடுத்து, மரத்துல கம்பி வளையத்துல உக்காந்து உக்காந்து தேஞ்ச எடத்தக் காட்டினாங்க, கீறல் ஒன்னு ஆழம், ஒன்னு லேசு, ஒன்னு இப்படி, ஒன்னு அப்படி. "இப்ப ஹோட்டல்ல அலங்காரத்துக்கு கேக்கறாங்கன்னு சில பேரு புது கிண்ணத்த மணல் தாளுல தேச்சு பழசுன்னு விக்கறான், அது பாரு எல்லாக் கீறலும் ஒரே பக்கம் ஓடும், மாடு உழுத மாதிரி." வீட்டுக்கு வந்ததும் போன வருஷம் ஆன்லைன்ல 900 வெள்ளி (ரிங்கிட்) குடுத்து வாங்கின "வெனினி" ஜாடிய கவுத்துப் பாத்தேன். மாடு உழுதிருந்துச்சு. அதுல போட்டிருந்த கையெழுத்தும் ஏதோ டிரில் முனையால கிறுக்கினது, 1930கள்ல அவங்க ஆசிட்ல ஸ்டாம்ப் மாதிரிதான் பேரு பதிப்பாங்க, வித்தவன் அதக்கூட படிக்கல. நானும் படிச்சிட்டேதான் வாங்கினேன், ஆசை கண்ண மறைச்சிருச்சு. கையெழுத்த நம்பி காசு குடுக்காதீங்க, அந்தக் காலத்து நல்ல உருப்படி எத்தனையோ பேரே போடாம வந்திருக்கு, பேப்பர் லேபிள்தான் ஒட்டுவாங்க, அது தண்ணியில போயிடும்.

அந்தக் கத்தாழைக்கு ஆன்டி கேட்டது 15 வெள்ளி. முரானோன்னு சொல்லி 300 கேட்டிருந்தா கூட அந்த நேரத்துல குடுத்திருப்பேன். "தெரியாத சாமான தெரியும்னு சொல்லி விக்க மாட்டேன்" அப்படின்னாங்க. இதான் இந்தக் கடை.

வெறுங்கையோட வரல. 85 வெள்ளிக்கு ஒரு மீன் எடுத்தேன். உள்ள செவப்பு, அதுக்கு மேல தேன் கலர், அதுக்கு மேல கலரே இல்லாத தெளிவான கண்ணாடி, சொம்மெர்ஸோன்னு சொல்வாங்க, ஒரு கலர் உருண்டைய அடுத்த கலர் சட்டியில முக்கி முக்கி எடுக்கறது, குறுக்க வெட்டினா குவே லாப்பிஸ் கேக் மாதிரி அடுக்கு அடுக்கா இருக்கும். வித்தை 1930கள்லயே வந்தாச்சு, ஆனா இந்த மாதிரி மீனெல்லாம் போருக்கு அப்பறம் கப்பல் கப்பலா வந்தது, அத நான் 1930-ன்னு யாருகிட்டயும் சொல்லிக்க மாட்டேன். வால இழுத்து முறுக்கின எடத்துல அந்த ஆளோட இடுக்கி பதிஞ்ச கோடு ரெண்டு அப்படியே இருக்கு. அவங்க ஊர் கண்ணாடி சோடா கலந்தது, ரொம்ப நேரம் இளக்கமா நிக்கும், அதான் இழுக்க, கிள்ள, முறுக்க நேரம் கெடைக்குது. சுண்டிப் பாத்தா ஈயக் கண்ணாடி மாதிரி ணங்ணு நீளமா பாடாது. ஆன்டிக்கு முன்னால சுண்டாதீங்க, திட்டுவாங்க.

கொறைன்னு பாத்தா நெறையவே இருக்கு. எதுலயும் வெல எழுதி ஒட்டல, உங்க சட்டையப் பாத்து வெல வரும், நான் பழைய டி-ஷர்ட்லதான் போவேன். வெளிச்சம் சுத்தமா பத்தாது, டார்ச் எடுத்துட்டுப் போங்க. கண்ணாடி அடுக்கின ரேக்குல அந்தப் பூனை நடந்து போறதப் பாத்தா எனக்கு மாரடைப்பே வரும், ஆன்டி "அது ஒன்னும் ஒடைக்காது, மனுஷன்தான் ஒடைப்பான்"னு சொல்றாங்க, இது வரைக்கும் அது உண்மைதான். வாங்கினா திருப்பி எடுக்க மாட்டாங்க. கார்டு கெடையாது, ஆனா கியூஆர் இருக்கு, மவன் இருந்தாத்தான் அது வேலை செய்யும். பேக்கிங் நியூஸ் பேப்பர் ரெண்டு சுத்து, அவ்ளோதான், துண்டும் பெட்டியும் நீங்களே கொண்டு போங்க. காரு நிறுத்த பின்னால எடம் இருக்கு, மழை பேஞ்சா சேறு.

இன்னொன்னு இருக்கு, அது விக்கறதுக்கு இல்ல. சாமி படத்துக்கு முன்னால ஒரு ஜாடி, மங்கின கத்திரிப்பூ கலர், அவ்ளோ மெலிசு, பின்னால இருக்கற ஊதுபத்தி பொகை தெளிவா தெரியுது. எத்தனையோ வாட்டி அத தாண்டித்தான் போயிருக்கேன், செம்பருத்தி மறைச்சுக்கிட்டு இருந்ததால கவனிக்கல. 1921-ல பாவ்லோ வெனினின்னு ஒரு மிலான் வக்கீலும், ஜாக்கோமோ கப்பெல்லின்னு வெனிஸ்ல பழம்பொருள் வித்தவரும் சேந்து கம்பெனி ஆரம்பிச்சாங்க, விட்டோரியோ செக்கின்னு ஒரு ஓவியர்தான் டிசைன். அந்தாளு வெரோனேஸே வரைஞ்ச ஒரு பழைய சாமி படத்துல இருந்த ஜாடியப் பாத்து அப்படியே கண்ணாடியில ஊத வெச்சாரு, பூ வேலை, தங்கப் பூச்சு ஒன்னும் இல்ல, வெறும் வடிவம், வெறும் கலர், மூச்சு மாதிரி மெலிசு. 1925-ல பார்ட்னருங்க பிரிஞ்சிட்டாங்க, அந்த ஜாடி மட்டும் வெனினியோட அடையாளமாவே நின்னுருச்சு. ஆன்டி கடை ஜாடி அதே வடிவம் இல்ல, ஆனா அதே வீட்டுப் புள்ள மாதிரி ஒரு சாயல்.

கெஞ்சி கேட்டு தண்ணிய ஊத்திட்டு தூக்கிப் பாத்தேன், சைஸுக்கு கனமே இல்ல. அடியில தழும்பு இருக்கு. பேரு இல்ல. ஆன்டியோட அம்மா பங்களாவுல ஆயாவா இருந்தவங்க, தொரை வீட்டம்மா ஊருக்குப் போறப்ப குடுத்ததாம். கை முரானோங்குது, மூளை பொறு பொறுங்குது, இந்த ஸ்டைல அப்ப எத்தனையோ ஊருல காப்பி அடிச்சாங்க, பேரு இல்லாம நான் சத்தியம் பண்ண மாட்டேன். மூனு வாட்டி வெல கேட்டேன். மூனாவது வாட்டி "சாமிக்கு வெச்சத விக்கச் சொல்றியா"ன்னு கேட்டு ஒரு பார்வை பாத்தாங்க, அதோட விட்டுட்டேன்.

ஆனா உள்ள ஒரு வெள்ளப் படலம் ஏறியிருந்தத சொல்லாம வர மனசு வரல. தண்ணி வருஷக்கணக்கா நின்னா சோடாக் கண்ணாடியோட சத்த மெல்ல இழுத்து மங்கடிச்சிடும், தண்ணி வெக்காதீங்க ஆன்டின்னு சொல்லிட்டு வந்தேன். போன மாசம் போறேன், ஜாடியில தண்ணி இல்ல, உள்ள ரெண்டு பிளாஸ்டிக் ரோஜா. "சாமிக்கு பிளாஸ்டிக் பூ வெக்க வெச்சிட்டான் இந்தப் பய"ன்னு கடைக்கு வந்த எல்லார்கிட்டயும் என்னக் காட்டி சொல்லிக்கிட்டு இருந்தாங்க.

அஞ்சுக்கு நாலு. திங்கக்கெழம லீவு.