கழுத்து வலிக்கு எங்கே கை வைப்பது: கழுத்திலா, மேல்முதுகிலா?

கழுத்து வலி என்று போனால், பிசியோதெரபி நிபுணர் சிலர் கழுத்தை விட்டுவிட்டு, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே அழுத்துகிறார்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. கழுத்தின் 7 முள்ளெலும்புகளைத் தாங்குவது மார்புப் பகுதியின் 12 முள்ளெலும்புகள். மேல்முதுகு இறுகிப்போனால், நிமிரவும் திரும்பவும் கழுத்துதான் கூடுதலாக உழைக்கிறது.

முதலில், கழுத்தையே வேகமாகத் திருப்பிச் சொடக்கு எடுக்கும் முறை. பலருக்கு உடனடியாக இதமாக இருக்கும் என்பதை மறுக்க மாட்டேன். 2011-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், மேல்முதுகில் செய்வதைவிட இது நல்ல பலன் தந்தது. ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் வெறும் 24 பேர். எனக்குள்ள தயக்கம் வேறு. மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனிகள் கழுத்து வழியாகச் செல்கின்றன. அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. மிக அரிது என்பது உண்மை. ஆனால் பெரும்பாலும் தானாகவே தணியக்கூடிய ஒரு வலிக்காக அந்த அபாயத்தை ஏன் ஏற்க வேண்டும்?

மேல்முதுகில் கொடுக்கும் வேகமான அழுத்தத்தில் அந்தத் தமனிகளுக்கு நேரடியாக வேலை இல்லை. 2010-இல் 140 பேரிடம் நடந்த ஆய்வில், உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட, அதோடு மேல்முதுகுச் சிகிச்சையும் பெற்றவர்களுக்கு அன்றாட வேலைகளில் இருந்த சிரமம் கூடுதலாகக் குறைந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அந்த வேறுபாடு இருந்தது. வலியில் மட்டும் கூடுதல் பலன் முதல் வாரத்தோடு மங்கிவிட்டது. "விலகிய எலும்பு இடத்தில் உட்கார்ந்துவிட்டது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கேட்கும் சத்தம் மூட்டுத் திரவத்தில் உண்டாகும் வாயுக்குமிழி சார்ந்தது. இதம் கிடைப்பது நரம்பு மண்டலம் வலியை உணரும் விதம் சற்று மாறுவதால் என்றே இன்று பெரிதும் கருதப்படுகிறது. இங்கும் அபாயம் உண்டு: விலா எலும்பு முறியலாம். எலும்புப்புரை (எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நிலை) உள்ளவர்களும், நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்களும், எலும்புக்குப் பரவிய புற்றுநோய் உள்ளவர்களும் இதற்கு உடன்படக் கூடாது.

மேல்முதுகிலேயே மெதுவாக, விட்டுவிட்டு அழுத்தும் முறை இதைவிட மென்மையானது. வலித்தால் "போதும்" என்று எந்த நொடியிலும் நிறுத்தச் சொல்லலாம். வேகமான அழுத்தத்தில் அந்த வாய்ப்பு கிடையாது. 2007-இல் 60 பேரிடம் நடந்த ஆய்வில், முதல் சில நாட்களில் வேகமான முறையே முந்தியது. ஆனாலும் சொடக்குச் சத்தத்துக்கே உடல் விறைத்துப்போகிறவர்களுக்கு நான் மென்மையான முறையைத்தான் சொல்வேன்.

உடற்பயிற்சிக்குக் கிடைக்க வேண்டிய மதிப்பு கிடைப்பதில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. 2012-இல் வெளியான, 272 பேர் பங்கேற்ற ஆய்வில், முதுகெலும்பில் கையால் அழுத்தித் தரும் சிகிச்சை மாத்திரைகளைவிட நல்ல பலன் தந்தது. ஆனால் ஓரிரு முறை கற்றுக்கொடுத்து வீட்டில் செய்யச்சொன்ன எளிய பயிற்சிகளும் ஏறத்தாழ அதே பலனைத் தந்தன. ஆகவே என் தேர்வு, மேல்முதுகுச் சிகிச்சை சில முறை, அந்த இதம் இருக்கும்போதே தொடங்கும் பயிற்சி தினமும். பயிற்சி எதுவும் சொல்லித்தராமல் வாராவாரம் வரச்சொல்லும் இடத்தை மாற்றிவிடுங்கள்.

கை பலவீனமானாலும், நடை தள்ளாடினாலும், காய்ச்சலோடு வலித்தாலும், விபத்துக்குப் பின் வலி தொடங்கினாலும் இந்த ஒப்பீடு பொருந்தாது. முதலில் மருத்துவரைப் பாருங்கள்.