பழைய பிராடோ ஜீப்புக்கு ஓட்டோ கியரா, மெனுவல் கியரா?

"ஓட்டோ கியர் பெட்டியைக் கழற்றி எறிஞ்சுபோட்டு அஞ்சு கியர் மெனுவல் பெட்டியைப் போடுங்கோ அத்தான்" என்றார் மச்சான். என் 1998 டீசல் பிராடோ இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்கு மாறும்போது எஞ்சின் மட்டும் கத்தும், வண்டி போகாது. பிழை என்னுடையதுதான், கியர் ஒயில் மாற்றிப் பல வருடம். டிப்ஸ்டிக்கை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தேன். சிவப்பாக இருக்கவேண்டிய ஒயில் கோப்பி நிறத்தில், கருகிய மணத்தோடு இருந்தது.

வேறு வண்டி வாங்கலாமென்றால், இலங்கையில் 2020இல் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. திறந்தும் என்ன, விலையைக் கேட்டால் பழசே போதும் என்றாகிவிடும்.

மச்சான் சொல்வதிலும் நியாயம் உண்டு. மெனுவல் பெட்டியை எந்தக் கராஜிலும் பிரிப்பார்கள். பற்றரி இறங்கினால் தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம். இறக்கத்தில் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். ரேடியேட்டருக்குள் கியர் ஒயிலைக் குளிரவைக்கும் குழாயும் தேவையில்லை. அது உள்ளே வெடித்தால் தண்ணீரும் ஒயிலும் கலந்து பெட்டி ஒரே நாளில் போய்விடும்.

ஆனால் நிலாவெளிக் கடற்கரை மணலில் கதை வேறு. படகை இழுத்துக்கொண்டு மெதுவாக ஏறும்போது எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே ஒயிலால் விசையைக் கடத்தும் ஓட்டோவின் டோர்க் கொன்வெர்ட்டர் இழுவையைத் தானே கூட்டிக் கொடுக்கும். மெனுவலில் அரைக் கிளட்ச்சில் இரண்டு தரம் திணறினாலே பிளேட் கருகும் மணம் வந்துவிடும். வேகம் குறைந்து இழுவை கூடும் லோ ரேஞ்சில் போட்டால் தப்பலாம், பழக்கம் வேண்டும்.

மெனுவலுக்கு மாற்றுவதென்றால் பெட்டி மட்டும் வாங்கினால் ஆகாது. ஃப்ளைவீல், அதன் போல்ட்கள், கிளட்ச் செட், பெடல்கள், கிளட்ச்சின் மேல் கீழ் சிலிண்டர்கள், பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டம், நீளம் ஒத்துவராவிட்டால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் என்று பட்டியல் நீளும். கிராங் நுனியில் இருந்து பெட்டித் தண்டைத் தாங்கவேண்டிய சின்னப் பைலட் பெயரிங்கை மறந்தால், பூட்டிய பெட்டியை மறுபடி இறக்கவேண்டியதுதான். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் துண்டு துண்டாகத் தேடுவதைவிட, அதே எஞ்சினோடு மெனுவலாகவே வந்த முழு வண்டி ஒன்று உதிரிப்பாகங்களுக்காக உடைப்புக்குக் கிடைத்தால் மட்டும் இந்த வேலையில் இறங்குங்கள்.

வயரிங் இன்னொரு தலையிடி. ஓட்டோவில் லீவர் பார்க்கிலோ நியூட்ரலிலோ இருந்தால்தான் ஸ்டார்ட்டர் சுற்றும். பெட்டி போனதும் அந்தச் சுவிட்சும் போய்விடும். சில கராஜ்களில் வயர் இரண்டையும் முறுக்கி நேராகச் சேர்த்துவிடுவார்கள். அப்புறம் கியரில் கிடக்கும்போது யாராவது சாவியைத் திருப்பினால், வண்டி முன்னால் நிற்பவர்மேல் பாயும். மிதித்தால்தான் ஸ்டார்ட்டர் சுற்றும்படி கிளட்ச் பெடலில் ஒரு சுவிட்ச் வைத்தால் தீர்ந்தது. அதைக் கேட்டு வாங்கவேண்டும்.

இருக்கிற ஓட்டோ பெட்டியையே திருத்துவது இரண்டாவது வழி. மூன்றாவது வழி, பாவித்த ஓட்டோ பெட்டி ஒன்றை வாங்கிப் பூட்டுவது. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. அதற்குள் என்ன கருகியிருக்கிறது என்று பூட்டி ஓட்டும்வரை தெரியாது.

என் வண்டி வாரத்தில் நாலு நாள் மணலில், மாதத்தில் ஒரு தரம் கந்தளாய், ஹபரணை வழியாகக் கொழும்புக்கு. வீட்டில் மனைவியும் ஓட்டுவார், அவருக்கு ஓட்டோதான் கைவந்தது. அதனால் இருக்கிற பெட்டியையே பிரித்து, உராய்வுத் தட்டுகளும் சீல்களும் மாற்ற ஒப்புக்கொண்டேன். கூடவே ரேடியேட்டருக்கு முன்னால் தனி ஒயில் கூலர் ஒன்று. மச்சானுக்குக் கோபம்தான். உடைப்புக்கு ஒரு மெனுவல் வண்டி வருகிறதா என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.