அட்லாண்டாவில் எங்கே வீடு பார்ப்பது? என் கணக்கும் தோழியின் கணக்கும்

சென்ற ஆண்டு எங்கள் அலுவலகத்துக்கு ஒரு மேலாளர் சிகாகோவிலிருந்து மாற்றலாகி வந்தார். கறுப்பினப் பெண்மணி. கணவர் மருந்தாளுநர், எட்டாவது படிக்கும் மகன், நான்காவது படிக்கும் மகள். வந்த முதல் வாரத்திலேயே என்னிடம், "இந்த ஊரில் எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம்?" என்று கேட்டார். புதிதாக வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு வாய் சொல்லிப் பழகிய பதிலையே அவருக்கும் சொன்னேன். நெடுஞ்சாலை 400-ஐப் பிடித்து வடக்கே போங்கள், ஃபோர்சைத் கவுண்டி, கம்மிங் பக்கம். பள்ளிக்கூடத்துக்குப் பத்துக்கு ஒன்பது மதிப்பெண், வீடெல்லாம் புதுசு, நானும் அங்கேதான் இருக்கிறேன்.

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "என் பாட்டி ஜார்ஜியாவில் பிறந்தவர். அந்தக் கவுண்டியின் பேரைச் சொன்னாலே குரலைத் தாழ்த்திக்கொள்வார்," என்றார்.

அன்றிரவு உட்கார்ந்து படித்தேன். 1912 செப்டம்பரில் மே குரோ என்ற வெள்ளைக்காரப் பெண் தாக்கப்பட்டு இறந்தார். அவர் உயிர் பிரிவதற்கு முன்பே, அந்தத் தாக்குதலுக்காகக் கம்மிங் நகரச் சதுக்கத்தில் ராப் எட்வர்ட்ஸ் என்ற கறுப்பினத்தவரைக் கும்பல் அடித்துக் கொன்றது. அடுத்த மாதம் பதின்வயதுப் பையன்கள் இருவரைத் தூக்கிலிட்டார்கள். அப்புறம் இரவோடு இரவாகக் குதிரையில் வந்து மிரட்டியும் வீடுகளைக் கொளுத்தியும் கவுண்டியிலிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பின மக்களை ஏறக்குறைய ஒருவர் விடாமல் துரத்திவிட்டார்கள். நிலமும் தேவாலயங்களும் அப்படியே கைமாறின. 1987 ஜனவரியில் ஒரு சிறு குழு அங்கே அமைதி ஊர்வலம் போனபோது கல்லெறி விழுந்தது. அடுத்த வாரம் இருபதாயிரம் பேர் காவல் படையின் பாதுகாப்போடு நடந்து காட்ட வேண்டியிருந்தது. எட்டு வருடமாக அந்தச் சதுக்கத்தைக் கடந்துதான் பிள்ளையைத் தமிழ்ப் பள்ளிக்கு அழைத்துப் போகிறேன். எனக்கு இதில் ஒரு வரிகூடத் தெரியாது.

இந்த வெட்கத்தோடு அடுத்த மூன்று மாதம் சனிக்கிழமைகளில் அவரோடு நானும் வீடு பார்க்கப் போனேன். இந்த ஒப்பீடு அந்தச் சுற்றலில் வந்தது. வேலை பெரிமீட்டர் பகுதியில், அதாவது டன்வுடி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வடக்குப் புறநகர்: ஃபோர்சைத், ஜான்ஸ் கிரீக், ஆல்ஃபரெட்டா

வரலாற்றைத் தள்ளிவைத்துவிட்டு இன்றைய நிலையைப் பார்ப்போம். இன்றைய ஃபோர்சைத் 1987-இன் ஃபோர்சைத் இல்லை. 2020 கணக்கெடுப்பில் ஆறில் ஒருவருக்கு மேல் ஆசியர், அதில் பெரும்பங்கு நம் ஆட்கள். கறுப்பினத்தவரோ நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. ஜான்ஸ் கிரீக்கிலும் ஆல்ஃபரெட்டாவிலும் நிலைமை இதைவிடத் தேவலை, ஆனாலும் அவர் மகன் வகுப்பில் ஒரே கறுப்பினப் பையனாகவோ இருவரில் ஒருவனாகவோ இருக்கும் வாய்ப்புதான் அதிகம்.

பள்ளி மதிப்பெண்ணை நான் பெரிதாகச் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி இது: "அந்த ஒன்பது யாருக்கு ஒன்பது?" மத்தியக் கல்வித் துறை பள்ளிவாரியாக ஒரு தரவு வெளியிடுகிறது. எந்த இனப் பிள்ளைகள் எத்தனை பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள், எத்தனை பேர் உயர்தரப் பாடங்களில் சேர்க்கப்பட்டார்கள் என்றெல்லாம் அதில் இருக்கிறது. அவர் முதலில் பிரித்துப் பார்த்தது அதைத்தான். வீடு பார்க்கும்போது அப்படி ஒன்றைத் தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை, தேவையும் இருந்ததில்லை.

இன்னொன்று, மகனுக்கு இன்னும் இரண்டு வருடத்தில் கார் ஓட்டும் வயது. மாலையில் ஓடப் போகிற பையன் அவன். 2020-இல் இதே ஜார்ஜியாவின் பிரன்சுவிக் அருகே ஓட்டப் பயிற்சிக்குப் போன அகமது ஆர்பெரியை மூன்று வெள்ளையர்கள் வண்டியில் துரத்திச் சுட்டுக் கொன்றார்கள். குற்றம் நிரூபணமாகித் தண்டனையும் கிடைத்தது, சட்டம்கூடத் திருத்தப்பட்டது. ஆனால் ஒரு தாய்க்குத் தீர்ப்பு ஞாபகம் வருமா, அந்த ஓட்டம் ஞாபகம் வருமா? அக்கம்பக்கத்தார் அவன் முகத்தை அறிந்திருக்கும் தெருதான் வேண்டும் என்றார்.

போக்குவரத்தைப் பற்றி இரண்டே வரி. கம்மிங்கிலிருந்து பெரிமீட்டருக்குக் காலையில் முக்கால் மணி நேரம் என்று விற்பனைக்காரர் சொல்வார், ஒரு மணி என்று நான் சொல்கிறேன். ரயில் கிடையாது. நகர ரயில் சேவையான மார்ட்டாவின் சிவப்புத் தடம் நார்த் ஸ்பிரிங்ஸோடு நின்றுவிடுகிறது.

கேஸ்கேட்: தென்மேற்கு அட்லாண்டா

வீட்டுத் தரகரிடம் தோழி நேரடியாகவே கேட்டுப் பார்த்தார், "எங்களைப் போன்ற குடும்பங்கள் எங்கே அதிகம்?" என்று. தரகர் நெளிந்தார். அவர் மேல் தப்பில்லை. 1968-இன் நியாயமான வீட்டு வசதிச் சட்டப்படி இனத்தை வைத்து ஆட்களை ஒரு பகுதிக்கு ஓட்டிவிடுவது சட்டவிரோதம், அதனால் தரகர்கள் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள். காலம் காலமாகக் கறுப்பினத்தவரை ஒதுக்கிவைக்கப் பயன்பட்ட ஒரு வழக்கத்தை அடைக்கப் போட்ட பூட்டு, தானே விரும்பித் தன் மக்களைத் தேடுகிறவருக்கும் பூட்டாகிவிட்டது. கேஸ்கேட்டின் பெயரை அவருக்குச் சொன்னது தலைமுடி பின்னும் கடைக்காரர்.

பெரிய மரங்கள், ஏற்ற இறக்கமான சாலைகள், சாலையிலிருந்து தள்ளி உள்ளே உட்கார்ந்திருக்கும் செங்கல் வீடுகள். பேஸ்பால் வீரர் ஹேங்க் ஆரன் தென்மேற்கு அட்லாண்டாவில்தான் வாழ்ந்தார். மேயர்கள், மருத்துவர்கள், கறுப்பினத்தவருக்கென்றே தோன்றிய மோர்ஹவுஸ், ஸ்பெல்மன் கல்லூரிகளின் பேராசிரியர்கள் என்று அரை நூற்றாண்டாக வசதியான கறுப்பினக் குடும்பங்கள் இருக்கும் பகுதி. கொஞ்சம் வடக்கே காலியர் ஹைட்ஸ் இருக்கிறது. கறுப்பினத்தவரே திட்டமிட்டு, கறுப்பினத்தவரே கட்டி, கறுப்பினத்தவருக்கே விற்ற குடியிருப்பு அது. 2009-இல் தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் சேர்த்தார்கள்.

இந்த இடமும் சும்மா கிடைத்துவிடவில்லை. 1962 டிசம்பரில் கறுப்பின மருத்துவர் ஒருவர் இங்கே வீடு வாங்க முனைந்தபோது, மேயர் ஐவன் ஆலன் பேட்டன் சாலையின் குறுக்கே தடுப்புக் கட்டச் சொன்னார். இத்தனைக்கும் அவர் முற்போக்கான மேயர் என்று பேர் எடுத்தவர். பத்திரிகைகள் அதை அட்லாண்டாவின் பெர்லின் சுவர் என்று எழுதின. 1963 மார்ச் முதல் நாள் நீதிமன்றம் செல்லாது என்றதும் சில நிமிடங்களில் பெயர்த்தெடுத்தார்கள். அதற்கப்புறம் சில மாதங்களில் வெள்ளைக்காரக் குடும்பங்கள் பெரும்பாலும் விற்றுவிட்டுக் கிளம்பிவிட்டன.

குறைகளும் உண்டு. இவ்வளவு வருமானம் இருக்கிற பகுதியில் நல்ல உணவகம், பெரிய கடை ஆகியவை வடக்கோடு ஒப்பிட்டால் சொற்பம். நாங்கள் பேசிய மூன்று வீட்டுக்காரர்களும் இதைத்தான் முதலில் சொன்னார்கள். ஒருவர் நல்ல மீன் வாங்க இருபது மைல் போகிறாராம். கிரீன்பிரையர் மால் பக்கத்தில்தான், சிக்-ஃபில்-ஏ தன் முதல் கடையை 1967-இல் அங்கேதான் திறந்தது. ஆனால் அந்த மால் பழைய களையை இழந்து நாளாகிறது. பள்ளி அட்லாண்டா நகராட்சிப் பள்ளிதான், மேஸ் உயர்நிலைப் பள்ளி. மதிப்பெண் தளங்களில் எண் குறைவாகத்தான் தெரியும். பலர் தனியார் பள்ளிக்கோ வேறு திட்டப் பள்ளிக்கோ அனுப்புகிறார்கள். அந்தச் செலவையும் வீட்டு விலையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

விலை என்னும் இடத்தில் வருகிற சிக்கல்

இங்கே கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும், ஏனென்றால் என் கணக்கும் அவர் கணக்கும் பிரிவது இங்கேதான்.

நாமும் நம்மவர்கள் இருக்கும் இடத்தைத்தான் தேடுகிறோம். கோயில், கடை, பாட்டு வகுப்பு, அவசரத்துக்கு ஒரு கை. இதை யாரும் தவறாகச் சொல்வதில்லை. அதிலும் ஒரு வசதி, வடக்கு அட்லாண்டாவில் இந்தியர்கள் கூடக் கூட அந்தப் பகுதிக்குக் கிராக்கி ஏறியது. ஊரோடு சேர்ந்து வாழ்ந்ததற்குக் கூலி போல வீட்டு மதிப்பும் கூடியது.

அவர்களுக்கு இது தலைகீழ். புரூக்கிங்ஸ் நிறுவனத்தில் ஆண்ட்ரே பெர்ரியும் உடன் ஆய்வாளர்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, பாதிப் பேர் கறுப்பினத்தவராக உள்ள பகுதிகளின் வீடுகளைக் கறுப்பினத்தவர் மிகக் குறைவாக உள்ள பகுதிகளின் வீடுகளோடு ஒப்பிட்டது. வீட்டின் தரம், அக்கம்பக்க வசதி எல்லாவற்றையும் சமன் செய்து பார்த்த பிறகும் மதிப்பு 23 விழுக்காடு குறைவு. சராசரியாக ஒரு வீட்டுக்கு 48,000 டாலர். அட்லாண்டாவுக்கு இது புதிதில்லை. 1988-இலேயே உள்ளூர் நாளிதழ் ஒன்று, வசதியான கறுப்பினப் பகுதிகளைவிட வசதி குறைந்த வெள்ளையர் பகுதிகளுக்கே வங்கிகள் தாராளமாகக் கடன் கொடுத்ததை ஆதாரத்தோடு போட்டு உடைத்தது. அடுத்த ஆண்டு அதற்குப் புலிட்சர் பரிசும் கிடைத்தது.

வீட்டு விலையை மதிப்பிடுகிறவர் வரும் நாளில் குடும்பப் படங்களைக் கழற்றி வைத்துவிட்டு, வெள்ளைக்கார நண்பரை வீட்டுக்காரராக நிற்கவைத்துப் பார்த்த கறுப்பினக் குடும்பங்களின் செய்திகள் நாட்டின் பல ஊர்களிலிருந்தும் வந்திருக்கின்றன. மதிப்பு ஒரேயடியாகக் கூடியதாம். ஆக, கேஸ்கேட்டில் அதே பணத்துக்குப் பெரிய வீடு கிடைக்கும், வாங்குகிறவருக்கு அது லாபம். விற்கும்போதும் அதன் மேல் கடன் வாங்கும்போதும் அந்தத் தள்ளுபடி திரும்பி வந்து கடிக்கலாம். வடக்கே போனால் வீட்டு மதிப்பு பத்திரம், பையன் தனி. தோழியின் கணவர் முதலாவதற்கு அஞ்சினார், தோழி இரண்டாவதற்கு. ஒரு மாதம் வீட்டில் இதே பேச்சு.

ஸ்டோன்கிரெஸ்ட், சவுத் ஃபுல்டன்

இரண்டுமே 2017-இல் நகரங்களாக ஆனவை, இரண்டிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் கறுப்பினத்தவர். வடக்கே சாண்டி ஸ்பிரிங்ஸ் 2005-இல் தனி நகராகப் பிரிந்ததிலிருந்து ஆளாளுக்கு நகரம் அமைக்கும் காலம் வந்தது, தெற்கே இவர்களும் தங்கள் வரியைத் தாங்களே ஆளலாம் என்று இறங்கினார்கள். புது வீடு, பெரிய மனை, கைக்கு அடக்கமான விலை வேண்டுமென்றால் இவைதான். ஸ்டோன்கிரெஸ்ட் இருக்கும் தெற்கு டிகால்ப் 2008 வீட்டுக் கடன் நெருக்கடியில் மிக மோசமாக அடிபட்ட பகுதி, மீள்வதற்கும் வடக்கைவிட வெகுநாள் ஆனது. பெரிமீட்டருக்கு வேலைக்குப் போகிறவருக்கு நெடுஞ்சாலை 285-இன் கிழக்குப் பக்கம் தினமும் ஒரு சோதனை. விமான நிலையத்தில் வேலை என்றால் சவுத் ஃபுல்டன்தான் என் முதல் தேர்வு. இவர்களுக்கு ஒத்துவரவில்லை.

டிகேட்டர், வெஸ்ட் எண்ட்: நகருக்குள்

டிகேட்டர் நம் ஆட்களுக்குத் தெரிந்த பெயர், அதன் வெளிப்புறத்தில் இருக்கும் பட்டேல் பிளாசாவுக்காக. நகரம் என்னவோ சின்னது, தனிப் பள்ளி நிர்வாகம், நல்ல பள்ளிகள், ரயில் உண்டு. நீலத் தடத்தில் ஏறி ஃபைவ் பாயிண்ட்ஸில் சிவப்புக்கு மாறினால் டன்வுடி. நீதிமன்றச் சதுக்கத்தில் இருந்த, உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்புப் படையின் நினைவுத் தூணை 2020-இல் அகற்றினார்கள், அதே இடத்தில் 2024-இல் கறுப்பின உரிமைப் போராட்டத் தலைவர் ஜான் லூயிஸின் சிலை வந்தது. மனதுக்கு இதமான ஊர்தான். ஆனால் சொத்துவரி கழுத்தைப் பிடிக்கும். சிலை வந்த இந்த ஊரில் கறுப்பினத்தவரின் பங்கு பல பத்தாண்டுகளாகக் குறைந்துகொண்டேதான் வருகிறது. தோழி அந்தச் சிலையைப் படம் எடுத்துக்கொண்டு, "இவரால் இன்று இங்கே வீடு வாங்க முடியுமா?" என்றார்.

வெஸ்ட் எண்ட் பழைய கறுப்பினப் பகுதி, கல்லூரிகளுக்குப் பக்கம், ரயில் நிலையம் நடக்கும் தூரம். நகரைச் சுற்றி நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் அமைக்கும் 22 மைல் பெல்ட்லைன் வளையத்தின் மேற்குப் பாதை 2017-இல் இங்கே திறந்த பிறகு வாடகை எகிறி, பழைய குடித்தனக்காரர்கள் நகர்ந்துகொண்டிருக்கிறார்கள். அட்லாண்டா நகரம் முழுவதிலுமே 2020 கணக்கெடுப்பில் கறுப்பினத்தவர் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டார்கள், 1970-க்குப் பிறகு முதல் முறையாக. துணையோ பிள்ளைகளோ இல்லாத இளைஞருக்கு, வாடகைக்கு, ஒன்றிரண்டு வருடத்துக்கு வெஸ்ட் எண்டை அடித்துக்கொள்ள இடமில்லை. நான்கு பேருக்கு அங்கே பார்த்த வீடுகளில் இடமும் இல்லை, கார் நிறுத்த வழியும் இல்லை.

கடைசியில் கேஸ்கேட்டில் ஒரு வருட வாடகை ஒப்பந்தம் போட்டார்கள். வாங்குவதை அப்புறம் பார்க்கலாம் என்று கணவரைச் சமாதானப்படுத்திய ஏற்பாடு அது. மகனை மேஸ் பள்ளியில் சேர்ப்பதா என்பது இன்னும் முடிவாகவில்லை. மகள் பக்கத்துத் தெருவில் மூன்று தோழிகள் பிடித்துவிட்டாள். வாரத்தில் மூன்று நாள் அலுவலகம், ஐம்பது நிமிடம் ஆகிறது, சில நாள் எழுபது.

குடிபுகுந்த மாதம் ஒரு ஞாயிறு சாப்பிடக் கூப்பிட்டார்கள். புளியோதரை கட்டிக்கொண்டு குடும்பத்தோடு போனோம். பக்கத்து வீட்டிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் வந்திருந்தார். எண்பதை நெருங்கியவர், பேட்டன் சாலைத் தடுப்பைச் சிறுவனாகப் போய்ப் பார்த்ததாகச் சொன்னார். எங்கே இருக்கிறீர்கள் என்று என்னைக் கேட்டார். ஃபோர்சைத் என்றேன். தட்டிலிருந்து நிமிர்ந்து என் மனைவியையும் பிள்ளையையும் ஒரு முறை பார்த்தார்.

"உங்களை உள்ளே விட்டார்களா?"

ஆமாம் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, புளியோதரை இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.