உட்பிரிவுப் பட்டா: இணையதளத்துக்கு நான்கு நட்சத்திரம், அலுவலகத்துக்கு இரண்டு

அப்பா காலமான பிறகு தம்பியும் நானும் நிலத்தைப் பாகம் பிரித்துப் பத்திரம் பதிந்தோம். அடுத்து உட்பிரிவுப் பட்டா, அதாவது அவரவர் பங்கைத் தனியாகப் பிரித்து வாங்கும் பட்டா. தமிழ்நிலம் இணையதளத்தில் நானே விண்ணப்பித்தேன், ஆவணங்களை ஏற்றிக் கட்டணம் கட்ட அரை மணி நேரம்கூட ஆகவில்லை, மனு எண்ணும் உடனே வந்துவிட்டது. இதுவரை ஒரு குறையும் இல்லை.

உட்பிரிவு என்றால் சர்வேயர் வந்து அளந்து அறிக்கை கொடுக்க வேண்டும், அப்புறம்தான் வட்டாட்சியர் அலுவலகத்தில் உத்தரவு. அந்த இடைவெளியில்தான் புரோக்கர் நுழைகிறார். "சர்வேயருக்கு எட்டாயிரம், மேலே நாலாயிரம், இல்லேன்னா ஆறு மாசம் ஆனாலும் நகராது" என்றார் வாசலில் மனு எழுதுபவர். ஊரில் விசாரித்தால் எல்லோரும் அதையே சொன்னார்கள், ஆனால் கொடுக்காமல் முயன்று பார்த்தவர் அவர்களில் ஒருவர்கூட இல்லை. நானும் பணத்தை எடுத்து வைத்துவிட்டேன்.

சர்வேயர் வந்த அன்று நேராகவே கேட்டேன், "சார், உங்களுக்கு எவ்வளவு தரணும்?" மனிதருக்கு முகம் வாடிவிட்டது. "என் பேரைச் சொல்லி யார் யார் வாங்குறாங்கன்னு எனக்கே தெரியாதுங்க. வாங்கலேன்னாலும் வாங்கினவன்னுதான் பேசுவாங்க" என்றார். பெட்ரோல், அளவுச் சங்கிலி பிடிக்க வரும் ஆளுக்குக் கூலி எல்லாம் அவர் கைக்காசாம். மேலதிகாரி ஆய்வுக்கு வந்தால் சாப்பாட்டுச் செலவும் கீழே இருப்பவர்கள் தலையில்தான் விழுமாம், வாங்குகிறவர்கள் அதைத்தான் காரணமாகச் சொல்வார்களாம். அதற்காக மனு கொடுத்தவனிடம் கை நீட்டுவதை என்னால் ஏற்க முடியாது, ஆனால் இந்த மனிதரை விசாரிக்காமலே நான் சந்தேகப்பட்டது தப்பு.

எல்லோரும் அவரைப் போல இல்லை. அறிக்கை போன பிறகு மனு மூன்று வாரம் அசையவில்லை. நேரில் போனால் ஒரு மேசையில் "ஏதாவது பார்த்துச் செய்யுங்க" என்றார்கள், தொகைகூடச் சொல்லவில்லை. மனு எண்ணைக் காட்டி, தாமதத்துக்குக் காரணம் என்ன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேட்கப் போகிறேன் என்றேன். ஒன்பதாம் நாள் பட்டா வந்தது.

லஞ்சம் கொடுப்பதும் குற்றம் என்று அங்கே சுவரில் எழுதியிருக்கிறது, சரி. ஆனால் 2018-இல் திருத்திய ஊழல் தடுப்புச் சட்டத்தில், வற்புறுத்தலால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்துவிட்டால் அவர் மீது அந்தக் குற்றம் வராது என்றும் இருக்கிறது. கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறையிடம் போனால் ரசாயனப் பவுடர் தடவிய நோட்டோடு கையும் களவுமாகப் பிடிக்கிறார்கள். பயந்து வாய் மூடிக் கிடப்பவர்களுக்குத் தெரிய வேண்டியது இதுதான், அதையும் சுவரில் எழுதுங்கள்.

விண்ணப்பிக்கப் போகிறவர்கள் நீங்களே விண்ணப்பியுங்கள், மனு எண்ணைப் பத்திரமாக வையுங்கள், புரோக்கர் சொல்லும் கணக்கை நம்பாமல் சர்வேயரிடமே பேசுங்கள். எடுத்து வைத்த பணத்தில் நாங்கள் எல்லைக் கல் நட்டு, இரண்டு பங்குக்கும் நடுவே வேலி போட்டுவிட்டோம்.