பாக் விரிகுடாவில் குடும்பத்தோடு ஒரு கோடை: காற்றறிந்து நடத்தப்படும் கடல் விளையாட்டு மையம்

கோடை விடுமுறையில் ராமேஸ்வரத்துக்குக் குடும்பத்தோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் அக்னி தீர்த்தத்தில் நீராடி, கோயில் பிராகாரத்தைச் சுற்றி, தனுஷ்கோடிக்கு ஒரு வண்டி பிடித்துப் போய்வந்து, இரவு ரயிலில் ஊர் திரும்பிவிடுகிறார்கள். கடலைப் பார்க்கிறார்களே தவிர, கடலுக்குள் போவதில்லை. தீவுக்குள் நுழைவதற்கு முன்பே, மண்டபத்துக்கு மேற்கே வடக்குக் கரையை ஒட்டிய மீனவ ஊர்களில், கயாக் என்னும் சிறு துடுப்புப் படகு, நின்றபடி துடுப்பு வலிக்கும் பலகை, முகமூடி அணிந்து மிதந்தபடி நீருக்கடியில் பார்க்கும் ஸ்நார்க்கலிங் ஆகியவற்றைக் கற்றுத்தரும் சிறிய மையங்கள் சில உள்ளன. அவற்றுள் ஒன்றில் தங்குமிடம், உணவு, பயிற்சி மூன்றும் சேர்ந்த கோடைத் திட்டத்தில் மே மாதம் நாங்கள் தங்கியிருந்தோம். மனைவி, பதினோரு வயது மகள், ஏழு வயது மகன், முழங்கால் வலியுள்ள என் மாமியார் என எல்லா வயதினரும் உடன் இருந்ததால், ஒரு குடும்பத்துக்கு இத்திட்டம் எந்த அளவுக்கு ஒத்துவரும் என்பதை ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல முடிகிறது. மையத்தின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். எந்த மையத்தைத் தேர்ந்தெடுத்தாலும் கவனிக்க வேண்டியவை எவை என்பதையே இங்கு எழுத விரும்புகிறேன்.

மே மாதத்தில் எந்தக் கரைக்குப் போகிறோம் என்பதுதான் முதல் கேள்வி. ராமநாதபுரம் மாவட்டத்தின் இந்தப் பகுதியில் நிலம் ஒரு நாக்குப் போலக் கடலுக்குள் நீண்டிருப்பதால், தெற்கே மன்னார் வளைகுடாவும் வடக்கே பாக் விரிகுடாவும் சில கிலோமீட்டர் இடைவெளியில் கிடக்கின்றன. தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கிவிட்டால் தெற்குக் கரையில் அலை எழும்பிக் கலங்கிக்கொண்டிருக்க, வடக்குக் கரை நிலத்தின் மறைவில் குளம்போல அடங்கிக் கிடக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்த நிலை அப்படியே தலைகீழாகிவிடும். பாக் விரிகுடா மிக ஆழமான இடங்களிலும் ஏறக்குறைய 15 மீட்டர் அளவே உள்ள கடல் என்பதும், கரையோரத்தில் நெடுந்தூரம் இடுப்பளவு நீரிலேயே நடந்து போகலாம் என்பதும் குழந்தைகளோடு வருகிறவர்களுக்குக் கூடுதல் வசதி. ஆகவே கோடை விடுமுறைக்கு வடக்குக் கரையைத் தேர்ந்தெடுப்பது சரியான முடிவே.

ஆனால் அந்த அமைதியில்தான் ஆபத்தும் இருக்கிறது. கச்சான் எனப்படும் இந்தக் காற்று தென்மேற்கிலிருந்து வருவதால், வடக்குக் கரையில் அது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அலையே இல்லாத அந்த நீரில் காற்றடைத்த மிதவையில் படுத்திருக்கும் ஒரு குழந்தை, யாரும் கவனிக்காத சில நிமிடங்களில் கரையை விட்டு வெகுதூரம் தள்ளிச் சென்றுவிடக்கூடும். துடுப்புப் பலகையில் நிற்பவரின் உடலே பாய்போலக் காற்றை வாங்கிக்கொள்ளும். எவ்வளவு உயர்ந்த கயாக் வைத்திருக்கிறார்கள், அறையில் ஏ.சி. உண்டா என்பனவற்றை எல்லாம்விட, இந்தக் காற்றை ஒரு மையம் எப்படிக் கையாள்கிறது என்பதே என் கண்ணில் அதன் தரத்தைத் தீர்மானிக்கும் விஷயம்.

இந்த மையத்துக்கு அதில் முழு மதிப்பெண் கொடுப்பேன். காலை ஐந்தரைக்கெல்லாம் தேநீரைக் கொடுத்து எழுப்பிவிடுகிறார்கள். விடுமுறையில் வந்தவர்களுக்கு இது கொடுமையாகத் தோன்றினாலும், காற்று அடங்கியிருக்கும் நேரம் அதுதான். கரையிலேயே லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டுப் பயிற்றுநர் அதன் இரண்டு தோள்பட்டைகளையும் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தார். என் மகனின் ஜாக்கெட் அவன் காதுவரை ஏறியதும், அதைக் கழற்றிவிட்டுச் சிறிய அளவில் வேறொன்றைக் கொண்டுவந்து, கால்களுக்கு இடையே போகும் வாரையும் பூட்டி, மறுபடியும் இழுத்துப் பார்த்த பிறகே அவனைத் தண்ணீரில் இறக்கினார். கயாக்குகள் முதலில் மேற்கு நோக்கி, காற்றை எதிர்த்துப் போகின்றன. உடம்பில் தெம்பு இருக்கும்போதே கடினமான பாதி முடிந்துவிடுவதால், களைத்துத் திரும்பும்போது காற்றே பாதி வேலையைச் செய்துகொடுக்கிறது. எங்களுக்கும் ஆழ்கடலுக்கும் நடுவே, எஞ்சின் பொருத்திய ஒரு வள்ளம் நங்கூரமிட்டு நின்றது. அதில் இருந்த ஊர்க்காரர், பயிற்சி முடியும்வரை கைபேசியைத் தொடவே இல்லை.

தண்ணீருக்குள் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இங்கே அந்தமான் படங்களில் வருவதுபோன்ற வண்ணப் பவளச் சுவர்கள் இல்லை. இந்தக் கரையின் செல்வம் கடற்புல். முகமூடியை அணிந்து மிதந்தால், கீழே ஓர் ஆள் ஆழத்தில் நாற்றங்கால்போலப் பச்சைப் பரப்பு அசைந்துகொண்டிருக்கும். பார்வை பழகிய பிறகுதான் அதற்குள் ஒளிந்திருப்பவை தெரிய வரும்: புல்லின் நிறத்திலேயே இருக்கும் சிறு மீன்கள், மணலில் பாதி புதைந்த நட்சத்திர மீன், கறுப்புக் குழாய்போலக் கிடக்கும் கடல் அட்டை. ஆவுளியா எனப்படும் கடற்பசு உண்டு வாழ்வது இத்தகைய புல்வெளிகளைத்தான். அதற்கென 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு பாதுகாப்பகத்தை 2022இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது, இங்கிருந்து வடக்கே தஞ்சை, புதுக்கோட்டைக் கரையோரத்தில். எதையும் தொடக்கூடாது, எடுக்கக்கூடாது என்பதில் பயிற்றுநர் கண்டிப்பாக இருந்தார். கடல் அட்டையைப் பிடிப்பது 2001 முதல் தடை செய்யப்பட்டிருப்பதைக் குழந்தைகளுக்கு அவர் விளக்கிச் சொன்ன விதம் நன்றாக இருந்தது. ஆழமற்ற நீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்துக்கொண்டே நடக்க வேண்டும், மணலுக்குள் கிடக்கும் திருக்கை அப்போதுதான் விலகிப் போகும் என்பதையும் முதலிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். என் மகள் ஊர் திரும்பிய பிறகும் நீச்சல் குளத்தில் அப்படித்தான் நடக்கிறாள்.

ஒரு நாள் காலையில் ஏழு மணிக்கே காற்று கூடிவிட்டது. நீரின் மேல் வெள்ளை நுரை எதுவும் இல்லை, வெயிலும் இதமாக இருந்தது. சென்னையிலிருந்து வந்திருந்த இன்னொரு குடும்பத்தினர் புறப்படத் தயாராகப் பலகையோடு நின்றிருந்தார்கள். பயிற்றுநர் கொடிக்கம்பத்தைப் பார்த்துவிட்டு, "கச்சான் ஏறிருச்சு சார், இனிமே பிள்ளைகள எறக்க மாட்டேன்" என்று முடித்துவிட்டார். பணம் கட்டியாயிற்றே என்று அவர்கள் வாதிட்டும் அவர் இறங்கி வரவில்லை. அதற்கு ஈடாக மறுநாள் காலையில் கூடுதல் நேரம் தருவதாகச் சொல்லி, அப்படியே தரவும் செய்தார். இந்த மறுப்புக்காகவே இந்த இடத்தைப் பிறருக்குப் பரிந்துரைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அதே வாரத்தில், மக்கள் கூட்டமாக வரும் ஒரு பொதுக் கடற்கரையில் ஒரு தனியார் நடத்துநர், பெரியவர்களுக்கான ஜாக்கெட்டையே சிறுவர்களுக்கும் மாட்டி, வாழைப்பழ வடிவ மிதவையில் ஏற்றி, உச்சி வெயிலில் காற்று வீசிக்கொண்டிருக்கும்போதே இழுத்துச் சென்றதையும் பார்த்தோம். என் மகன் அதில் போக வேண்டும் என்று அழுதான். அழட்டும் என்று விட்டுவிட்டோம்.

தங்குமிடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓலை வேய்ந்த குடில்கள், மின்விசிறி, கொசுவலை, சுத்தமான பொதுக் கழிப்பறைகள். அவற்றில் மேற்கத்திய முறைக் கழிப்பறை ஒன்றே ஒன்று இருந்ததும், அதற்குப் போகும் வழி முழுவதும் மணலாக இருந்ததும் மாமியாருக்குப் பெரும் சிரமமாகிவிட்டன. குளியலறைத் தண்ணீர் உவர்ப்பாக இருந்தது. இந்தக் கரையில் அதை எதிர்பார்த்தே வர வேண்டும். ஆனால் மதிய வேளையை நிரப்புவதற்கு அவர்களிடம் எந்த ஏற்பாடும் இல்லாதது உண்மையான குறை. காலை ஒன்பதரைக்குக் கடலை விட்டு ஏறினால் மாலை நாலரைவரை வெளியே தலைகாட்ட முடியாத வெயில். நிழலுக்கு ஒரே ஒரு கொட்டகை. அதிலும் பாதி இடத்தைக் கயாக்குகள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. முடிச்சுப் போடப் பழக்குவது, வலை பின்னுவதைக் காட்டுவது என ஊர்க்காரர்கள் கைவசம் வைத்திருக்கும் கலைகளையே குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம், ஏனோ செய்யவில்லை. சிறு குழந்தைகளின் முகத்துக்குப் பொருந்தும் ஸ்நார்க்கல் முகமூடிகளும் போதவில்லை. மகனுக்குத் தண்ணீர் உள்ளே கசிந்துகொண்டே இருந்ததால், அவன் கடற்புல்லைப் பார்த்ததைவிட மூக்கைச் சிந்தியதே அதிகம். வாய்ப்பிருந்தால் குழந்தைகளுக்கான முகமூடியை நீங்களே வாங்கிக்கொண்டு வருவது நல்லது.

சாப்பாட்டில் இந்தக் குறைகள் எல்லாம் ஓரளவு ஈடாகிவிட்டன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை என்பதால், கோடை விடுமுறையில் வருகிறவர்களுக்குப் பெரிய மீன்கள் கிடைப்பது அரிது; கிடைத்தாலும் விலை கையைக் கடிக்கும். வஞ்சிரம் வறுவலை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றமே மிஞ்சும். மாறாக, நாட்டுப் படகுக்காரர்கள் அதிகாலையில் கரைசேர்க்கும் ஓரா, ஊடகம், கணவாய், நீலக்கால் நண்டு ஆகியவையே இங்கே அன்றாடச் சமையல். புளி குறைத்து, தேங்காய் அரைத்து, ஊர்ப் பெண் ஒருவர் வைத்த ஓரா மீன் குழம்பை, யார் வீட்டிலும் எளிதில் பாராட்டிவிடாத என் மாமியார் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மதியங்களில் அவர் பெரும்பாலும் அந்தச் சமையற்கட்டிலேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். சைவ உணவு கேட்டால் கிடைக்கும். சாம்பாரும் பொரியலும் குறை சொல்ல முடியாதவை, அவ்வளவுதான். சாலையோரத்தில் நுங்கும் பதநீரும் கிடைக்கும் காலம் இது என்பதால் குளிர்பானங்களுக்கு வேலையே இல்லை.

திட்டத்தில் ஒரு நாள் வெளியூர்ப் பயணமும் அடங்கும். தனுஷ்கோடியா காரங்காடா என்று கேட்டார்கள். தயங்காமல் காரங்காட்டைத் தேர்ந்தெடுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராமநாதபுரத்துக்கும் தொண்டிக்கும் இடையில் உள்ள இந்த மீனவ ஊரில், வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகுச் சவாரியும் கயாக்கும் நடத்துகிறார்கள். கால்வாயின் இரு பக்கமும் சேற்றிலிருந்து பென்சில் முனைகளாக மேலெழுந்து நிற்கும் மூச்சு வேர்களைக் காட்டி, மரம் வேர் வழியாக எப்படி மூச்சு விடுகிறது என்று படகோட்டி சொன்னதை, பாடப் புத்தகத்தில் படித்தபோது காட்டாத ஆர்வத்தோடு என் மகள் கேட்டுக்கொண்டாள். நடக்கச் சிரமப்படும் முதியவர்களும் உட்கார்ந்தபடியே பார்த்துவரக்கூடிய இடம் இது.

தனுஷ்கோடியைத் தனியாக ஒரு மாலை போய்ப் பார்த்துக்கொள்ளலாம். 1964 டிசம்பரில் புயலில் அழிந்த ஊரின் இடிபாடுகளையும், 2017இல் அரிச்சல்முனைவரை போடப்பட்ட சாலையையும் பார்ப்பதற்கு அதுவே போதும். அங்கே கடலில் இறங்கவே கூடாது. இரு கடல்களின் நீரோட்டங்களும் மோதும் இடம் அது. பூநாரைகளைப் பார்க்கும் ஆசை இருந்தால் கோடையில் அது நிறைவேறாது, குளிர்காலத்தில்தான் வர வேண்டும். பாம்பன் சாலைப் பாலத்தின் மேலிருந்து, 1914ஆம் ஆண்டின் பழைய ரயில் பாலத்தையும், அதன் அருகில் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தையும் ஒருசேரப் பார்க்க முடிந்தது. புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே உயர்ந்து கப்பல்களுக்கு வழிவிடுகிறது. நாங்கள் கடந்தபோது அது இறங்கியே இருந்தது.

கட்டணம் கொஞ்சம் அதிகம்தான். ராமேஸ்வரத்தில் ஒரு நடுத்தர விடுதியில் தங்கிச் சுற்றுவதைவிடக் கணிசமாகக் கூடுதலாகச் செலவாகும். ஆனால் அந்தப் பணம் அறைக்கு அல்ல, பயிற்சிக்கும் காவலுக்கும் போகிறது என்பதைத் தண்ணீரில் இறங்கிய முதல் காலையிலேயே உணர்ந்துவிடலாம். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கும், மதிய வெயிலைக் குளிரூட்டிய அறையில் கழிக்க விரும்புகிறவர்களுக்கும் இது ஏற்றதல்ல. எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தால் தாராளமாக வரலாம். நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எந்த மையமாக இருந்தாலும், முன்பணம் அனுப்புவதற்கு முன் தொலைபேசியில் மூன்று விஷயங்களைக் கேட்டுவிடுங்கள்: காலையில் எத்தனை மணிக்குக் கடலில் இறக்குவார்கள், குழந்தைகளின் எடைக்கேற்ற லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, காற்றினால் ஒரு நாள் நின்றுபோனால் பணத்துக்கு என்ன வழி. முதல் கேள்விக்கு "எப்ப வேணாலும் போகலாம் சார்" என்று பதில் வந்தால், அடுத்த எண்ணை முயற்சி செய்யுங்கள்.