சாய்ந்த வீடியோவை நிமிர்த்தக் கொடுத்தேன், 3,800 ரூபாயும் போச்சு, வீடியோவும் போச்சு

ஆத்திரம் அடங்காமல்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் இருக்கும் நம்மவர்கள் யாராவது வீட்டு விசேஷ வீடியோவைக் கடையில் கொடுத்துச் சரிபண்ணலாம் என்று நினைத்தால், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

போன மாதம் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம், அல்சூரில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. வீடியோகிராபர் வேண்டாம் என்று நானே போனில் எடுத்தேன், மொத்தம் 38 கிளிப். போனில் நன்றாகத்தான் தெரிந்தது. ஆனால் வீட்டிலுள்ள பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டரில் போட்டால் எல்லாமே பக்கவாட்டில் படுத்துக்கிடக்கிறது. அப்பா கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். மனசு கேட்காமல் எங்கள் ஏரியாவில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் தமிழ் பேசினார். "நமக்கும் ஆம்பூர் பக்கம்தான்க்கா, உங்ககிட்ட போய் ஏமாத்துவேனா?" பென் டிரைவில் காப்பி போட்டுத் தரட்டுமா தம்பி என்று கேட்டேன். "காப்பி பண்ணா குவாலிட்டி போயிடும்க்கா, மெமரி கார்டையே குடுங்க" என்றார். ஊர்ப் பேரைச் சொன்னாரே என்று, வேறொரு காப்பிகூட இல்லாத கார்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். கிளிப்புக்கு நூறு ரூபாய், 3,800 ரூபாயையும் அங்கேயே யுபிஐயில் அனுப்பினேன். பில் கேட்டால், "நமக்குள்ள எதுக்குக்கா பில்?"

நாலு நாள் கழித்துக் கார்டு வந்தது. படம் நிமிர்ந்துதான் இருந்தது. ஆனால் 190 எம்பி இருந்த கிளிப் 12 எம்பி ஆகியிருந்தது. கலசத் தண்ணீரை ஊற்றும்போது அப்பா கண்ணை இறுக்கி மூடிக்கொள்ள, அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் அவர் தோளைப் பிடிப்பார். அந்த இடத்தில் இப்போது அம்மாவுக்கு முகமே இல்லை, வெறும் கட்டம் கட்டமாக இருக்கிறது. அதற்கும் மேலே, குறுக்கே, ஏதோ மென்பொருளின் பெயரும் 'ட்ரையல்' என்ற எழுத்தும். காசு கொடுத்து வாங்காத மென்பொருளில் ஓட்டிவிட்டு என்னிடம் 3,800 வாங்கியிருக்கிறார்!

ஒரிஜினல் எங்கே என்றால், "இடம் பத்தலைக்கா, அழிச்சிட்டேன்." பணத்தைத் திருப்பிக் கேட்டால் முதலில் வேலை செய்த பையன் ஊருக்குப் போயிருக்கிறான், அப்புறம் உங்கள் போன்தான் கோளாறு, மூன்றாவது தடவை "வேலை முடிஞ்சுதே, என்ன பிரச்சனை?" இப்போது போனையே எடுப்பதில்லை. 3,800 ரூபாய் எனக்குச் சின்னத் தொகை இல்லை, ஆனால் அந்தக் கலசத் தண்ணீரை எங்கே போய்த் திரும்ப எடுப்பது?

நேற்று அக்கா மகன் வந்தான். அக்கா போனில் இருந்த ஒரே ஒரு கிளிப்பை அதே கம்ப்யூட்டரில் இலவச விஎல்சி பிளேயரில் திறந்தான். நேராக நின்றது! எதையும் திருப்பவே இல்லை. போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தால், எந்தப் பக்கம் மேல் என்று ஃபைலுக்குள் ஒரு குறிப்பு மட்டும் எழுதிவைக்குமாம், பழைய பிளேயர் அதைப் படிக்காததால்தான் சாய்ந்து தெரிந்திருக்கிறது. ஆக, என் வீடியோவில் கோளாறே இல்லை.

இன்னும் நிறைய எழுத நினைத்தேன், முடியவில்லை. முதலில் விஎல்சியில் போட்டுப் பாருங்கள். ஒரிஜினல் கார்டை யாரிடமும் கொடுக்காதீர்கள், ஃபைலை அப்படியே காப்பி பண்ணினால் குவாலிட்டி குறையாது. பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள், ஏமாந்தால் நுகர்வோர் உதவி எண் 1915. ஃபைல் அழிந்துவிட்டால் அந்தக் கார்டைத் திரும்பப் போனில் போடாதீர்கள். புதிதாக எடுப்பது அழிந்த ஃபைல் இருந்த இடத்திலேயே பதிந்துவிடலாமாம், நான் தெரியாமல் போட்டு ஒரு வாரம் படம் எடுத்துவிட்டேன். இப்போது அக்கா மகன் அழிந்த ஃபைலை மீட்டெடுக்கும் போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டிருக்கிறான். இதுவரை 5 கிளிப் கிடைத்திருக்கிறது, கலசம் இன்னும் வரவில்லை.